நாண் இறக்கிய வில்

வில்லின் வாழ்நாளில் நாணேறி நிற்கும் பொழுது மிகச் சிறிது. எஞ்சிய காலமெல்லாம் அது நாண் இறக்கப்பெற்றுச் சுவரில் சாய்ந்தோ பரணில் கிடந்தோ காத்திருக்கும். வரலாறு எழுதியோர் கண்ணில் பட்டது பெரும்பாலும் நாணேறிய வில்லே. களிற்றை வீழ்த்திய வில்லும், களத்தில் வளைந்த வில்லும், சேரன் கொடியில் பொறித்த வில்லும் ஏடேறின. வேட்டை முடிந்தபின் அந்த வில்லை யார் துடைத்து வைத்தார், எந்த நாரால் நாண் திரித்தார், வேட்டையில்லாத் திங்களில் அதைக்கொண்டு என்ன செய்தார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுந்தன.

விடைகள் தமிழில் இல்லாமல் இல்லை. பாணரும் புலவரும் வேட்டுவர் குடிலில் தங்கி, அவர் இட்ட சோறுண்டு, அவர் வாழ்வைக் கண்ணாரக் கண்டு பாடியவர்கள். வில் ஓய்ந்திருந்த காலத்தில் அதன் அருகே நடந்தவற்றையும் அவர்கள் பாட்டில் பொதிந்து வைத்தனர். அவற்றைத் தொகுத்துப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வேட்டுவனின் ஓய்வுக்காலமும் பாடுவோன் கலையும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. திருவள்ளுவர் வில்லேருழவர் என்றும் சொல்லேருழவர் என்றும் இரு சாராரை ஒரே குறளில் எதிரெதிர் நிறுத்தினார். அவ்விரு சாராரும் ஒரு கருவியை மாறி மாறிக் கையாண்ட உறவினர் என்பதே ஈண்டுக் காட்ட வேண்டுவது.

கோடையும் கொடையும்

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, அம்மையநாயக்கனூரில் அமைந்த இருப்புப்பாதை நிலையம் கொடைரோடு. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு 1875ஆம் ஆண்டு தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டபின், கோடைக்கானல் மலைக்குச் செல்வோர் இறங்கும் இடமாக இது ஆயிற்று. 1914ஆம் ஆண்டு லா மலைப்பாதை உந்துவண்டிகளுக்குத் திறக்கும்வரை பயணிகள் மாட்டுவண்டியில் அடிவாரம் சென்று, அங்கிருந்து நடந்தும் குதிரையிலும் சுமப்போர் தோளிலும் மலையேறினர். மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை, இடையே கரிசலும் செம்மண்ணும் கலந்த சமவெளி. இவ்வூரின் இயல்பே வாயில் என்பதுதான். மலைக்குப் போவோரும் மலையிலிருந்து வருவோரும் கடந்து செல்லும் வாயில்.

மலையின் பெயர் கோடை. ஊரின் பெயர் மக்கள் நாவில் கொடை. இப்பெயர் மயக்கத்திற்குப் பொருத்தமாகப் புறநானூற்றின் 205ஆம் பாட்டு அமைந்துள்ளது. பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். பாடப்பெற்றவன் கடிய நெடுவேட்டுவன். அவன் கோடை மலைத் தலைவன். அக்கோடையை இன்றைய கோடைக்கானல் மலைப்பகுதியோடு பொருத்திக் காணும் வழக்கு உண்டு. மான் கூட்டத்தைத் தொலைத்த விரைந்த நாய்களை உடையவன், வலிய வில்லை ஏந்திய வேட்டுவன் என்று புலவர் அவனை விளிக்கிறார். ஆயினும் பாட்டின் உள்ளீடு வேட்டையன்று, கொடையே. பரிசில் தரத் தலைவன் காலம் நீட்டித்தான். மூவேந்தரே ஆயினும் எம்மை விரும்பாது ஈவாராயின் அதனை யாம் வேண்டோம் என்று புலவர் நிமிர்ந்து நின்றார். கடலை அடைந்த மேகம் நீர் முகவாமல் மீளாததுபோல, உன்னை அடைந்த பரிசிலர் கூட்டமும் வெறுங்கையோடு மீளாது என்று முடித்தார்.

இப்பாட்டில் வேட்டுவத் தலைவனும் புலவனும் சமநிலையில் நிற்கின்றனர். ஒருவன் கையில் வில், மற்றவன் நாவில் சொல். இவ்வுறவின் மற்றொரு முகத்தைப் புறநானூற்று 150ஆம் பாட்டில் வன்பரணர் காட்டுகிறார். காட்டில் பசித்துத் தளர்ந்திருந்த பாணர் கூட்டத்தை ஒரு வேட்டுவன் கண்டான். தன்னோடு வந்த இளையர் சேருமுன்பே, தானே கடைந்த தீயில் ஊனைச் சுட்டு அவர்களுக்கு ஊட்டினான். புறப்படும்போது மார்பில் கிடந்த ஆரத்தையும் கையிற் கிடந்த கடகத்தையும் கழற்றித் தந்தான். நாடு எது எனக் கேட்டும் சொல்லவில்லை. பெயர் எது எனக் கேட்டும் சொல்லவில்லை. வழியில் கண்டோர் கூறிய பின்னரே அவன் தோட்டிமலைத் தலைவன் நள்ளி எனத் தெரிந்தது. வேட்டைக்களத்தில் தலைவனும் பெயரற்றவனாகிறான் என்பதை இதைவிட நுட்பமாகச் சொல்லுதல் அரிது.

அம்புகள் உறங்கும் வீடு

வேட்டைக்கு முன்னும் பின்னும் வேட்டுவர் வாழ்ந்த வாழ்வை மிக நெருங்கிப் பார்த்த நூல் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழியிலுள்ள எயினர் குடியிருப்புகளுக்குள் அவனை அழைத்துச் செல்கிறார். ஊகம்புல் வேய்ந்த உயர்ந்த வீடுகள், சங்கிலியிட்டுக் கட்டிய நாய்கள், முள்வேலி, அதைச் சூழ்ந்த காவற்காடு. வீட்டினுள்ளே விற்கள் சார்த்தப்பட்டிருக்கின்றன. அம்புகள் துயில் கொள்கின்றன. ஓய்வில் கிடக்கும் அம்பை உறங்குவதாகச் சொல்லிய அந்தப் பார்வையில், கருவிக்கும் உயிருண்டு, அதற்கும் ஓய்வு வேண்டும் என்னும் நம்பிக்கை தொனிக்கிறது.

அவ்வீட்டின் முன் பருத்த கால்களை நட்ட பந்தல் ஒன்று உண்டு. அதில் அம்புக்கட்டுகள் மலைமேல் தொங்கும் தேனடைபோல் தொங்குகின்றன. அவற்றோடு துடியும் தொங்குகிறது. கொல்லும் கருவியும் முழங்கும் கருவியும் ஒரே பந்தலில் அருகருகே தூங்குகின்ற இக்காட்சி தற்செயலாக அமைந்ததன்று. வேட்டுவரின் ஓய்வுக்காலம் எதனால் நிரம்பியது என்பதற்கு அதுவே சான்று.

வேட்டை முறைகளையும் அந்நூல் தெளிவுறக் கூறும். மழை மறுத்த காலத்தில் நீர் வேட்கையால் வரும் விலங்கின் அடிச்சுவடு கண்டு, குழிகளில் ஒடுங்கி, நள்ளிரவில் பன்றியின் வரவு பார்த்திருப்பர். அதன் வளைந்த கொம்புக்கு அகத்திப்பூ உவமை. இரவு வேட்டை வாய்க்காவிடில் பகலில் நாய்களோடு புதர் அடித்து, வேலிகளில் தொடர்வலை மாட்டி, முயல்களை வளைப்பர். முயலின் நெடுஞ்செவிக்குத் தாமரையின் புறவிதழ் உவமை. காத்திருத்தலே வேட்டையின் பெரும்பகுதி என்பதையும், தோற்றுத் திரும்புதல் வழக்கமே என்பதையும் புலவர் மறைக்கவில்லை. விலங்கின் உறுப்பைப் பூவாகக் காணும் கண், நெடுநேரம் ஓசையின்றி அமர்ந்து பார்த்த கண்ணாகத்தான் இருத்தல் கூடும்.

வேட்டைக்குரிய உளப்பயிற்சியைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தில் உடுப்பூர்த் தலைவன் நாகன், மகன் திண்ணனுக்கு விற்பயிற்சி தொடங்கும்போது ஊரெல்லாம் கூடி விழா எடுக்கிறது. முதல் வேட்டைக்குப் புறப்படுமுன் தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வத்திற்குப் பலியூட்டுகின்றனர். பின்னர் வேட்டைக்களத்தில் அவர்கள் எதைச் செய்யவில்லை என்பதைச் சேக்கிழார் ஒரு பாட்டில் எண்ணிச் சொல்கிறார். யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. விலங்கின் குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை அலைக்கவில்லை. எழுதப்பட்ட சட்டம் காட்டுக்குள் நுழைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேட்டுவர்க்கு இத்தகைய அறம் இருந்ததாகச் சேக்கிழார் கண்டார் என்பது கருதத்தக்கது. எதை எய்யக்கூடாது என்று கற்பதும் விற்பயிற்சியின் ஒரு பாடமே.

கருவியும் காப்பும்

தமிழில் வில்லுக்குரிய சொற்களே ஒரு சிறு நூலகம். சிலை, சாபம், தனு, கொடுமரம் என்பன வில்லின் பெயர்கள். சிலை என்பது ஒரு மரத்தின் பெயருமாகும். மரத்தின் பெயர் கருவிக்கு ஆகி வந்தது. கொடுமரம் என்றால் வளைந்த மரம். நாண் பூட்டும் வெட்டு குதை. அம்புக்குக் கணை, கோல், பகழி, வாளி எனப் பல பெயர். அம்புக்கூடு தூணி, ஆவநாழிகை, புட்டில் எனப்படும். நாண் உரசாமல் முன்கையைக் காக்கும் தோற்கட்டுக்குக் கோதை என்பது பெயர். பூமாலையைக் குறிக்கும் அதே சொல் தோற்கட்டையும் குறித்து நிற்பதைக் கவிஞர் கவனித்தல் தகும்.

இச்சொற்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பராமரிப்பு உண்டு. வளைத்த மரம் வளைந்தே நெடிது நிற்குமாயின் தன் மீட்சியை இழக்கும். ஆதலின் எய்து முடித்தவுடன் நாண் இறக்குதல் உலகெங்கும் வில்லாளர்க்கு முதல் விதி. மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டவேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிவரும் நம்பிக்கை. மூங்கிலில் உள்ள மாச்சத்தை நாடியே துளைக்கும் வண்டுகள் வருகின்றன. வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைத்தால் அம்மாச்சத்து கரைந்து வெளியேறும். அடுப்புப் புகை படும் பரணில் மூங்கிற் பொருள்களை வைப்பதும் இது கருதியே. கோணிய அம்புக்கோலை அனலில் காட்டி நிமிர்த்துவர். அம்பின் சிறகைப் பூச்சி அரிக்காமலும், இரும்பு முனையைத் துரு தின்னாமலும் காத்தல் வேண்டும். நார் நாணுக்குத் தேன்மெழுகு பூசுவது ஈரத்தைத் தடுப்பதோடு புரிகள் பிரியாமலும் காக்கும்.

நாணுக்குரிய நார் எங்கிருந்து வந்தது? திண்டுக்கல் சமவெளியின் வறண்ட புதர்களிலும் வேலியோரங்களிலும் வாள்போல் நிமிர்ந்து வளரும் மருள் என்னும் செடியைக் காணலாம். சங்க நூல்கள் இதனை மரல் என்று வழங்கும். இதன் இலையை இழைத்துச் சோற்றைக் களைந்தால் வெண்மையான வலிய நார் கிடைக்கும். ஆங்கிலேயர் இச்செடி வகைக்கு வில்நாண் சணல் என்று பொருள்படும் பெயரிட்டதே இதன் பழைய பயனுக்குச் சான்று. இன்று பலர் இதன் உறவுச் செடிகளை வீட்டு முகப்பில் தொட்டியில் அழகுக்காக வளர்க்கின்றனர். வில்லின் நாண் வாசலில் நிற்பதை அறிந்தவர் சிலரே.

கருவியைக் காக்கும் அக்கறை கவிதைக்குப் புறம்பானதன்று என்பதற்குக் கிரேக்கக் காப்பியமும் சான்று கூறும். ஓமரின் ஒடிசியில், இருபது ஆண்டுகளுக்குப் பின் மாறுவேடத்தில் வீடு திரும்பிய ஒடிசியஸ், தன் பழைய வில்லைக் கையில் வாங்குகிறான். உடனே நாணேற்றவில்லை. தான் இல்லாத காலத்தில் புழு அரித்துவிட்டதோ என்று அதன் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். சுற்றியிருந்தோர் எள்ளி நகைக்கின்றனர். பிறகு, பாடுவோன் ஒருவன் தன் யாழில் புதிய நரம்பைப் பூட்டுவதுபோல் எளிதாக நாணேற்றுகிறான். விரலால் நாணைத் தெறிக்கும்போது அது சிட்டுக்குருவியை ஒத்த தகைவிலான் குரலில் பாடுகிறது. கொலைக்கு முந்திய அக்கணத்தில் ஓமருக்கு நினைவு வந்தது யாழே.

இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் என்னும் அறிஞர் 1545ஆம் ஆண்டு வில்லாண்மை பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். பின்னாளில் எலிசபெத் அரசியாரின் ஆசிரியராக விளங்கியவர் அவர். வில்லை மெழுகிட்ட துணியால் தேய்த்துப் பேணுதல், ஈரம் படாமல் உறையிலிட்டு வைத்தல் முதலியவற்றை அந்நூலில் ஆசிரியர் மாணாக்கனுக்குக் கற்பிக்கும் பொறுமையோடு விளக்கினார். நூலைக் கற்கும் ஒருவன் வில்லைக் கற்பது தகுமா என்னும் வினாவுக்கு விடையாகவும் அந்நூல் அமைந்தது. கருவியைப் பேணத் தெரிந்தவனே அதை ஆளத் தகுந்தவன் என்பது அவர் கருத்தின் சாரம்.

ஓய்வில் பிறந்த இசை

வில் பாடும் என்பதை ஓமர் உவமையாகச் சொன்னார். தமிழ்ப் புலவர் அதை நேராகவே கண்டார். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நிலம் கடந்து முல்லை நிலம் புகுந்த பாணன், அங்கே மாடு மேய்க்கும் இடையனைக் காண்கிறான். தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதிச் சலித்தபின் அவ்விடையன் வேறொரு கருவியை எடுக்கிறான். உட்டுளையுள்ள குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரைப் புரியாக்கி நரம்பாகக் கட்டிய வில்யாழ் அது. விரலால் அவன் எழுப்பும் குறிஞ்சிப் பண்ணைத் தம் இனத்தின் ஒலியென்று கருதி வண்டுகள் செவிசாய்க்கின்றன. வில்லின் மரமும் வில்லின் நாரும் இங்கு அம்பில்லாமல் சேர்ந்துள்ளன. யாழின் பிறப்பு வில்லில் என்று இசை ஆய்வாளர் கூறுவதற்கு இதைவிடத் தெளிவான இலக்கியச் சான்று வேண்டுவதில்லை.

அம்பு நேரானது, ஆயினும் கொடிது. யாழின் கோடு வளைந்தது, ஆயினும் இனிது. ஆதலின் வடிவு கண்டு மக்களை மதிப்பிடாது செயல் கண்டு மதிப்பிடுக என்பது திருக்குறளின் 279ஆம் பாவின் கருத்து. கணையையும் யாழையும் ஒரே தராசில் வைத்த வள்ளுவர்க்கு அவை இரண்டும் ஒரு குடும்பத்தின என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இம்மரபின் நீட்சியே வில்லுப்பாட்டு. நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவுக்குக் கொடை என்று பெயர். அக்கொடையில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட வில்லை நிலத்தில் கிடத்தி, குடத்தின் கழுத்தில் பிணைத்து, நாணில் மணிகளைக் கட்டி, வீசுகோலால் தட்டிப் பாடுவர். உடுக்கையும் தாளமும் கட்டையும் துணை நிற்கும். முத்துப்பட்டன் கதை போன்ற நெடுங்கதைகள் விடியும்வரை பாடப்பெறும். வேட்டைக்குச் சென்று களைத்தோர் வில்லைக் கீழே வைத்து நாணைத் தட்டிப் பாடியதே இக்கலையின் தோற்றம் என்பது செவிவழி வரலாறு. அதன் உண்மை எவ்வாறாயினும், ஓய்ந்த வில்லிலிருந்து பாட்டுப் பிறந்தது என்று மக்கள் நம்ப விரும்பினர் என்பது மெய். இருபதாம் நூற்றாண்டில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் இக்கலையைத் தெய்வக் கதைகளுக்கு வெளியே கொண்டுவந்தனர். அவ்வழியில் வாழ்நாள் முழுதும் உழைத்த சுப்பு ஆறுமுகம் 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்று, 2022ஆம் ஆண்டு மறைந்தார்.

வில் ஓய்ந்தால் குடியும் ஓயும் என்னும் அச்சத்தையும் இலக்கியம் பதிவு செய்துள்ளது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி கேட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று பாதைகளைச் சொல்கிறான். அவற்றுள் வலப்பாதை பாண்டியனின் சிறுமலை வழியே செல்வது. கொடைரோட்டுக்குக் கிழக்கே இன்றும் அதே பெயரோடு நிற்கும் மலை அது. கோவலன் இடைப்பட்ட பாதையில் நடந்து எயினரின் கொற்றவைக் கோட்டத்தை அடைகிறான். அங்கே சாலினி தெய்வமேறப் பெற்றுப் பேசுகிறாள். பகைவர் ஊர்களில் ஆநிரை பெருகிவிட்டது. எயினர் மன்றங்கள் பாழாயின. மறக்குடியினர் அறக்குடியினர்போல் அடங்கிப் போயினர். கடன் கொடாவிடில் கொற்றவை வில்லுக்கு வெற்றி தாராள் என்கிறாள். பின்னர் ஒரு குமரிக்குக் கொற்றவை வேடமிட்டு, அவள் கையில் வில்லைக் கொடுத்துக் கலைமான் மேல் ஏற்றுகின்றனர். நாண் இறக்கிய வில்லைக் கண்டு ஒரு குலம் கொண்ட கலக்கம் சாலினியின் குரலில் ஒலிக்கிறது. அக்கலக்கம் பிற்காலத்தில் வேறு வகையில் உண்மையாயிற்று.

சட்டம் வந்த காலம்

காட்டைக் காக்கும் சட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கின. 1879ஆம் ஆண்டு நீலகிரிக்கென இயற்றிய வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம், வேட்டைக்குரிய காலம் எது, வேட்டை விலக்கிய காலம் எது என அரசே வகுக்க வழி செய்தது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கி எல்லையிட்டு, உள்ளே நுழைவோரின் செயல்களைக் கட்டுப்படுத்தியது. துப்பாக்கியேந்திய துரைமாருக்கு வேட்டை பொழுதுபோக்காயிற்று. அதே காட்டில் வாழ்ந்தோர்க்குக் காட்டில் கைவைப்பது குற்றமாயிற்று.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கருவி என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தந்த விளக்கத்தில் துப்பாக்கியோடும் வலையோடும் கண்ணியோடும் வில்லும் அம்பும் இடம் பெற்றன. உரிமம் பெற்று வேட்டையாட அப்போது இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் நீக்கியது. காட்டுவாழ் மக்களின் உரிமைகளை ஏற்ற 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும், மரபுவழி உரிமைகளை எண்ணிச் சொல்லும் இடத்தில் வேட்டையாடும் உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. ஆண்டில் சில திங்கள் ஓய்ந்திருந்த வில்லுக்கு ஆண்டு முழுதும் ஓய்வாயிற்று.

இச்சட்டங்களின் நியாயத்தை மறுத்தற்கு இடமில்லை. காடு சுருங்கி, துப்பாக்கி பெருகி, விலங்கினங்கள் அருகிய நிலையில் வேட்டையைத் தடுத்தே ஆக வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டு கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. 2022ஆம் ஆண்டு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது; இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் இதுவே. சேக்கிழார் பாடிய விலக்கு இன்று எல்லா உயிர்க்கும் விரிந்துள்ளது எனலாம்.

ஆயினும் விலங்கைக் காத்த சட்டத்திற்கு வேட்டுவன் அறிந்தவற்றைக் காக்கும் பொறுப்புத் தரப்படவில்லை. அடிச்சுவடு படிக்கும் கல்வி, காற்றின் திசை அறிந்து அமரும் பொறுமை, நாருக்கும் மரத்துக்கும் உரிய பருவம் ஆகியவை ஏட்டிலன்றிக் கையிலும் கண்ணிலும் வாழ்ந்தவை. கை ஓய்ந்தால் அவையும் ஓயும். இங்கு ஒரு வேறுபாட்டையும் மறத்தலாகாது. மலையில் வாழ்ந்தோர் அனைவரையும் வில்வேட்டுவராகக் கொள்வது பிழை. பழனி மலைத்தொடரின் பளியர் பெரிதும் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி டாமன் என்னும் பாதிரியார் 1908ஆம் ஆண்டு ஆந்த்ரோபோஸ் என்னும் ஆய்விதழில் எழுதிய கட்டுரை மலைமக்கள் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று. அவரவர் அறிவு அவரவர்க்குரியது. ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்டறிய வேண்டியது.

இன்றைய வில்

வில் முற்றிலும் மறையவில்லை. திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஆண்டுதோறும் அது நாணேறும் நாள் ஒன்று உண்டு. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் உழைப்போர் தம் கருவிகளைக் கழுவித் துடைத்துப் பொட்டிட்டு ஓய்வில் வைக்கின்றனர். மறுநாள் விசயதசமியில் பழனி முருகன் கோதைமங்கலத்துக்கு எழுந்தருளி அம்பு போடும் நிகழ்ச்சி நடைபெறும். அம்பு பாயும் இலக்கு வாழைமரம். கருவியைப் பேணும் நாளும் அதை ஏந்தும் நாளும் அடுத்தடுத்து அமைந்த இவ்வொழுங்கில் பழைய வேட்டுவ ஆண்டின் நினைவு படிந்திருக்கிறது. உயிர் எய்யாத வில் இங்குச் சடங்காயிற்று.

மற்றோரிடத்தில் அது விளையாட்டாயிற்று. 1920க்குப் பின் ஒலிம்பிக் போட்டிகளிலிருந்து விலகியிருந்த வில்வித்தை 1972ஆம் ஆண்டு மூனிச் நகரில் மீண்டும் இடம்பெற்றது. போட்டிகள் செப்டம்பர் 7 முதல் 10 வரை நடந்தன. இந்தியாவில் வில்லும் அம்பும் வேட்டைக் கருவியாகச் சட்டத்தில் பதிவான அதே நாட்களில், உலக அரங்கில் அவை போட்டிக் கருவியாக மீண்டன. மறு ஆண்டே இந்திய வில்வித்தைச் சங்கம் தோன்றியது. இராசத்தானத்துப் பழங்குடிச் சிறுவனாக மூங்கில் வில்லால் சிறு வேட்டையாடி வளர்ந்த லிம்பா ராம் 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக வில்லேந்தினார். காட்டில் பெற்ற குறி களத்தில் பயன்பட்டது. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்ததாக வன்பரணர் பாடிய வல்வில் ஓரிக்குக் கொல்லிமலையில் எடுக்கும் அரசு விழாவிலும் வில்வித்தைப் போட்டி நடைபெறுகிறது.

வில்லால் வேட்டையாட இன்றும் சட்டம் இடந்தரும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் அவ்வழக்கம் புத்துயிர் பெற்றதன் பின்னணி கவிஞர் அறிய வேண்டியது. 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஓரோவில் என்னும் ஊரருகே, தன் இனத்தார் அனைவரையும் இழந்த ஒருவர் தனியராகக் காட்டிலிருந்து வெளிவந்தார். யாகி இனத்தின் இறுதி மனிதரான அவரை அறிஞர்கள் இஷி என்று அழைத்தனர். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். தம் இயற்பெயரை அவர் சொல்லவேயில்லை. சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவருக்கு மருத்துவம் பார்க்க வந்து, மாணாக்கரானார். மரம் தேர்தல், வில் செதுக்கல், நாண் திரித்தல், விலங்கின் வழியில் காத்திருத்தல் ஆகியவற்றை அவரிடம் கற்றார். இஷி 1916ஆம் ஆண்டு காசநோயால் இறந்தார். போப் தாம் கற்றதை 1923ஆம் ஆண்டு நூலாக்கினார். அந்நாட்டின் இன்றைய வில்வேட்டை ஆர்வலர் பலர் தம் மரபின் தொடக்கமாக அந்நூலையே கொள்வர்.

ஓர் இனம் அழிந்தபின் எஞ்சிய ஒருவரிடம் எழுதப்பட்ட நூல் அது. அதன் பெருமையோடு அதன் துயரமும் பிரிக்க முடியாதது. கேட்க வேண்டியதைக் காலத்தில் கேட்டிருந்தால் ஓர் ஊரே விடை சொல்லியிருக்கும்.

சொல்லேருழவர் கடன்

கோடைமலை அடிவாரத்தில் இனி வேட்டைக்கு நாணேற்ற வேண்டுவதில்லை. மானும் மிளாவும் அச்சமின்றி நீருண்ணட்டும். ஆனால் நாணின் பெயரும், நாரின் பருவமும், அடிச்சுவட்டின் இலக்கணமும் விலங்குகளுக்கு ஊறு செய்யாத செல்வங்கள். அவற்றைக் காக்க வில்லேருழவர் இன்றில்லை. அப்பொறுப்பு அவர் பந்தலில் துடி முழக்கியும், அவர் தீயில் சுட்ட ஊனுண்டும், அவர் கொடையை வாழ்த்தியும் வளர்ந்த சொல்லேருழவர் மரபினரைச் சேர்கிறது. பெருந்தலைச் சாத்தனார் கோடை மலையில் நின்று பரிசில் கேட்டார். அவர் வழிவந்தோர் இன்று அம்மலையடிவாரத்து முதியோரிடம் கேட்க வேண்டிய பரிசில் சொற்களே. குதை, புட்டில், மரல் என அகராதியில் உறங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் அறிந்த பொருளைச் சொல்லக்கூடியவர் சிலரேனும் இருக்கும்போதே கேட்டல் நன்று.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு இதனினும் பொருந்திய பணி பிறிதில்லை. நாண் இறக்கிய வில்லைத் துடைத்து வைப்பவன் அதை மீண்டும் எய்யப் போகிறான் என்பதில்லை. வளைந்த மரத்தின் மீட்சி கெடாமல் இருக்கவேண்டும் என்பதே அவன் கருத்து. மொழியைப் பேணுவோன் கருத்தும் அதுவே.